இயற்கை அறம் போதிக்குமா? பெண்பூச்சிகளின் பல்துணைக் கலவி பற்றிய ஒரு நோக்கு

குறுந்தொகையின் இரண்டாம் பாடலிலே தலைவன் ஒரு தும்பியை விளித்துப் பேசுகின்றான். அது அறிந்த பூக்களுள் தன் தலைவியின் கூந்தலினும் நறுமணம் மிக்கவை உளவோ என்பது அவனது வினா. வினவும்போதே ஒரு நிபந்தனையையும் விதிக்கின்றான். கேட்பவனின் விருப்பத்துக்கு இசையப் பேசாது, தான் கண்டறிந்ததையே அத்தும்பி சொல்லுதல் வேண்டும். காதல் மயக்கத்தில் நிற்பவன் ஒருவனின் வாயிலிருந்து வரும் இந்நிபந்தனை வியப்புக்குரியதே. ஆனால் விடை எதுவாக அமைதல் வேண்டும் என்பதை அவன் முன்னரே உள்ளத்தில் முடிவு செய்திருக்கின்றான். தும்பியோ வாய் திறப்பதில்லை. பூச்சிகளிடம் மனிதர் காலங்காலமாகக் கேட்டு வந்த கேள்விகள் பலவற்றின் வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே எனலாம்.

பெண்பூச்சிகளிற் பல ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களுடன் கூடுவது ஏன்? மேலோட்டமாக நோக்குமிடத்து இது விலங்கியலாரின் வினா. முட்டைகள் கருக்கட்டுவதற்கு ஓர் ஆணின் விந்தே பெரும்பாலும் போதுமானதாயிருக்க, காலத்தையும் சக்தியையும் செலவிட்டு, பகைவிலங்குக்கு இரையாகும் அபாயத்தையும் ஏற்று, ஒரு பெண்பூச்சி ஏன் மீண்டும் மீண்டும் கூடுதல் வேண்டும் என்பதே அவர்தம் ஐயம். ஆயினும் இவ்வினா ஒருபோதும் விலங்கியல் வினாவாக மட்டும் நின்றதில்லை. ஆணின் இயல்பு யாது, பெண்ணின் இயல்பு யாது, அவ்வியல்புகளுக்கேற்ற ஒழுக்கம் யாது என்னும் கேள்விகள் அதனுடன் ஒட்டியே வந்துள்ளன. எனவே இரு வினாக்களைத் தனித்தனியே நோக்குதல் அவசியமாகின்றது. பூச்சிகள் ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றன என்பது ஒன்று. அதிலிருந்து மனிதர் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பது பற்றி யாதேனும் பெறப்படுமா என்பது மற்றொன்று.

1. தேனீயும் தூய்மையும்

பூச்சிகளுள் மனிதரின் ஒழுக்கச் சிந்தனைக்கு மிகுதியும் ஆளானது தேனீயே. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்ரோட்டில் தேனீக்களின் பிறப்புப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர். கூட்டின் தலைமைத் தேனீயை அக்காலக் கிரேக்கர் அரசன் என்றே அழைத்தனர். கொடுக்குடைய வேலையாளித் தேனீக்கள் பெண்களாக இருத்தல் பொருந்தாது என அரிஸ்ரோட்டில் வாதித்தார். போர்க்கருவியை இயற்கை எந்தப் பெண்ணுக்கும் அளிப்பதில்லை என்பது அவர் கொண்ட எடுகோள். கிரேக்க நகரங்களிற் போருக்குச் சென்றோர் ஆண்கள். அவ்வழக்கே தேன்கூட்டிலும் நிலவும் எனக் கொள்ளப்பட்டது. உண்மை இதற்கு நேர்மாறானது. கொடுக்குடைய தேனீக்கள் யாவும் பெண்களே. ஆண்தேனீக்குக் கொடுக்கு இல்லை. எனினும் தேனீக்கள் பற்றிய செய்திகள் இன்னும் போதிய அளவு அறியப்படவில்லை என்றும், அவை அறியப்படுங்காலத்துக் கோட்பாட்டிலும் அவதானத்துக்கே முதன்மை தரப்படல் வேண்டும் என்றும் அவரே அவ்விடத்தில் எழுதிச் சென்றமை மனங்கொள்ளத்தக்கது.

கி.மு. முதலாம் நூற்றாண்டிலே உரோமப் புலவர் வேர்ஜில், வேளாண்மை பற்றிய தமது காவியத்தின் நான்காம் பாகத்தில், தேனீக்கள் கலவியில் ஈடுபடுவதில்லை என்றும் தம் குஞ்சுகளை இலைகளிலிருந்தே திரட்டிக்கொள்கின்றன என்றும் பாடினார். கி.பி. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராகவிருந்த அம்புரோஸ், கன்னியரின் துறவு வாழ்வைத் தேனீயின் வாழ்வுடன் ஒப்பிட்டார். இவ்வாறு தேனீ தூய்மையின் சின்னமாயிற்று.

அவதானம் மெதுவாகவே வந்தது. தேன்கூட்டின் தலைமை பெண்ணுடையது என்பதை 1609இல் வெளிவந்த நூலொன்றில் ஆங்கிலேயரான சாள்ஸ் பட்லர் வலியுறுத்தினார். அதே நூற்றாண்டிலே ஒல்லாந்தரான சுவாமர்டாம், 'அரசன்' எனப்பட்ட தேனீயை வெட்டிச் சோதித்துச் சூலகங்களைக் கண்டார். கண்பார்வையற்ற சுவிற்சர்லாந்து அறிஞர் பிரான்சுவா ஹூபர், தம் உதவியாளரின் கண்களைக்கொண்டு நிகழ்த்திய அவதானங்களை 1792இல் வெளியிட்டு, இராணித் தேனீ கூட்டுக்கு வெளியே பறந்து சென்றே ஆணுடன் கூடுகின்றது எனக் காட்டினார். ஆயினும் அது ஒருமுறை மட்டுமே கூடுகின்றது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. பலமுறை கூடுகின்றது என்பது 1944இல் றொபேட்ஸ் என்பாரின் ஆய்வினால் உறுதியாயிற்று. இளமையில் சில நாள்களுக்குள் மேற்கொள்ளும் ஒரு சில பறப்புகளில் இராணித் தேனீ சராசரியாகப் பன்னிரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்களுடன் கூடுகின்றது என்பது இன்று அறியப்பட்ட உண்மை. கூடிய ஆண் ஒவ்வொன்றும் அக்கணமே இறந்துபடுகின்றது. பெற்ற விந்தினைத் தன் உடலிலுள்ள சிறு பையிற் சேமித்து, பின்னர் ஒருபோதும் கூடாமலே, ஆண்டுக்கணக்காக முட்டையிடுகின்றது அப்பெண்தேனீ.

தமிழ் மரபும் இதற்குப் புறம்பானதன்று. பரத்தையரை நாடித் திரியும் தலைவனை, மலர்விட்டு மலர் தாவும் வண்டுக்கு உவமித்தல் நம் இலக்கியங்களிற் பெருவழக்கு. ஆனால் தேன்கூட்டிலிருந்து புறப்பட்டு மலர்தோறும் சென்று தேனும் மகரந்தமும் திரட்டுவன யாவும் பெண் வேலையாளிகளே. அவை கலவியில் ஈடுபடுவனவுமல்ல. இதனால் அவ்வுவமையின் அழகு குன்றிவிடப் போவதில்லை. உவமை மனிதனைப் பற்றியது, வண்டைப் பற்றியதன்று. உவமை சான்றாகக் கொள்ளப்படும்போதே தவறு பிறக்கின்றது.

2. பழ ஈக்கள் சொன்னவையும் சொல்லாதவையும்

விஞ்ஞானம் வளர்ச்சியுற்ற பின்னர் இத்தகைய தவறுகள் மறைந்துவிட்டன எனக் கருதுதல் பொருந்தாது. 1871இல் மனிதனின் தோற்றம் பற்றி எழுதிய சாள்ஸ் டார்வின், விலங்குலகில் ஆண் வேட்கை மிக்கது, பெண் மிக அரிதான விதிவிலக்குகள் தவிர நாணமும் ஒதுக்கமும் உடையது எனக் கூறினார். அவர் காலத்து ஆங்கில நடுத்தர வகுப்பினரின் இல்லங்களிற் போற்றப்பட்ட பெண்மையின் சாயல் இவ்விவரணத்திற் படிந்திருப்பதைப் பின்வந்தோர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

1948இல் ஆங்கிலேய ஆய்வாளர் பேற்மன் இக்கருத்துக்குப் பரிசோதனை ஆதாரம் தேட முற்பட்டார். கண், சிறகு, மயிர் முதலியவற்றிலே வெளிப்படையான விகாரங்களையுடைய பழ ஈக்களில் ஒவ்வொரு பாலிலும் மூன்று முதல் ஐந்து வரையானவற்றை ஒன்றாக அடைத்து, மூன்று நான்கு நாள்களின் பின், பிறந்த ஈக்களின் விகாரங்களைக்கொண்டு தாய் தந்தையரைக் கணித்தார். கூடிய துணைகளின் தொகை பெருகப் பெருக ஆணின் வழித்தோன்றல்கள் பெருகுவர் என்றும், பெண்ணுக்கு ஒரு துணைக்கு மேற் பயனில்லை என்றும் அவர் முடிவு செய்தார். அம்முடிவை மனிதருக்கும் ஏற்புடையதாக்கினார். 1972இல் றொபேட் றிவர்ஸ் தமது பெற்றோர் முதலீட்டுக் கோட்பாட்டிலே இம்முடிவை அடிப்படையாகக் கொண்டபின், அது பாடநூல்களில் நிலைபெற்றது.

ஆனால் பேற்மனின் தரவுகளில் ஒரு பகுதி வேறொன்றையும் காட்டியது. முதல் நான்கு தொகுதிப் பரிசோதனைகளிலே துணைகளின் தொகையுடன் பெண்ணின் வழித்தோன்றல்களும் பெருகியிருந்தன. இறுதி இரு தொகுதிகளின் முடிவே பெரிதும் எடுத்தாளப்பட்டது. 2012இல் பற்றீசியா கோவாற்றியும் அவருடன் பணியாற்றியோரும் அப்பரிசோதனையை மீண்டும் செய்து பார்த்தபோது அடிப்படைக் குறையொன்று வெளிப்பட்டது. தாயிடமும் தந்தையிடமும் ஒவ்வொரு விகாரத்தைப் பெற்ற ஈக்களிற் பல வளர்ச்சியடையுமுன்னரே இறந்துபட்டன. இறந்தவை கணக்கில் வாரா. ஆதலால் எப்பெண் எத்தனை ஆண்களுடன் கூடியது என்ற கணிப்பே பிழைபட்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இக்குறையை எவரும் சோதித்துப் பாராமைக்குக் காரணம் யாது? எதிர்பார்த்த விடை கிடைத்துவிட்டால் வினாவை மீண்டும் எழுப்பும் தேவை எவருக்கும் தோன்றுவதில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகின்றது.

3. காரணங்கள் பல

பெண்பூச்சிகள் பல துணைகளுடன் கூடுவதற்கு ஒரே காரணம் இல்லை என்பதே இன்றைய ஆய்வுகளின் முடிபு. சில பூச்சிகளில் பயன் நேரடியானது. வெட்டுக்கிளியினத்தைச் சார்ந்த சிலவற்றில், ஆண் தன் விந்துடன் ஊட்டமிக்க பசைப்பொருளொன்றையும் அளிக்கின்றது. பெண் அதனை உண்டு வலுப்பெறுகின்றது. வேறு சிலவற்றில், சேமித்த விந்து குறைந்துவிடுவதனால் மீண்டும் கூடுதல் அவசியமாகின்றது. பூச்சிகள் பற்றிய 122 பரிசோதனை ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஆண்குவிஸ்ற், நில்சன் ஆகியோர், பலமுறை கூடுதல் பெரும்பாலும் பெண்ணின் வாழ்நாள் இனப்பெருக்கத்தை அதிகரிக்கச் செய்கின்றது என 2000இல் எடுத்துக்காட்டினர்.

தேனீயிற் காரணம் இன்னொரு வகையினது. பல தந்தையருக்குப் பிறந்த வேலையாளிகள் தம்முள் வேறுபட்ட இயல்பின. கூட்டின் வெப்பம் உயரும்போது சில முன்னரும் சில பின்னருமாகச் சிறகடித்துக் காற்று வீசத் தொடங்குகின்றன. இதனாற் குடம்பிகள் வளரும் பகுதியின் வெப்பநிலை சீராகப் பேணப்படுகின்றது என்பது 2004இல் வெளியான ஆய்வின் முடிவு. ஓர் ஆணின் விந்தை மட்டும் பெற்ற இராணிகளின் கூடுகளுடன், 15 ஆண்களின் விந்தைப் பெற்ற இராணிகளின் கூடுகளை மற்றிலாவும் சீலியும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, பின்னையவை கூடுதலான அடைகளைக் கட்டிக் கூடுதலான உணவையும் சேமித்தன. நோய் எதிர்ப்பிலும் இத்தகைய வேறுபாடு காணப்பட்டுள்ளது.

ஆயின் யாவும் பயனெனக் கூறிவிடவும் இயலாது. நீரின் மேற்பரப்பில் ஓடித்திரியும் சில பூச்சிகளில், ஆணை எதிர்த்துப் போராடுதல் பெண்ணுக்கு அதிக இழப்பை விளைவிக்கின்றது. எனவே அது இணங்கிவிடுகின்றது. மூட்டைப்பூச்சியின் ஆண், பெண்ணின் வயிற்றுச் சுவரைத் துளைத்தே விந்தைச் செலுத்துகின்றது. பெண்ணுக்குக் கிடைப்பவை காயமும் ஆயுட்குறைவுமே. பழ ஈயின் ஆண் விந்துடன் செலுத்தும் சில பொருள்கள் பெண்ணின் வாழ்நாளைக் குறைக்கின்றன என்பது 1995இல் நிறுவப்பட்டது. இவை ஒருபுறமிருக்க, ஒருமுறை மட்டும் கூடும் பெண்பூச்சிகளும் உள்ளன. ஐரோப்பாவிற் பரவலாகக் காணப்படும் ஒருவகைப் பெருவண்டுத் தேனீயின் இராணி பெரும்பாலும் ஒரே ஆணுடன் கூடுகின்றது. கறையான் புற்றிலோ அரசனும் அரசியும் ஆண்டுக்கணக்காக இணைபிரியாது வாழ்கின்றன.

4. உள்ளதும் வேண்டியதும்

இத்தகவல்களை வைத்துக்கொண்டு இரண்டாவது வினாவுக்கு வருதல் வேண்டும். இயற்கை ஒழுக்கத்தின் ஆசான் என்போர் எந்தப் பூச்சியின் காலடியில் அமர்ந்து பாடங்கேட்பர்? ஒருத்திக்கு ஒருவன் என்று வலியுறுத்த விரும்புவோர் கறையானைக் காட்டலாம். கட்டுப்பாடுகளைத் தகர்க்க விரும்புவோர் தேனீயைக் காட்டலாம். வன்முறைக்கு விளக்கம் தேடுவோருக்கு மூட்டைப்பூச்சி இருக்கின்றது. எந்தப் பூச்சியை ஆசானாகத் தெரிவு செய்தல் வேண்டும் என்பதை இயற்கை கூறுவதில்லை. தெரிவு செய்வோரிடம் முன்னரே உள்ள ஒழுக்கக் கருத்தே அத்தெரிவை நிர்ணயிக்கின்றது. ஆகவே பூச்சியிடமிருந்து பெற்றதாகச் சொல்லப்படும் பாடம், பூச்சியை அணுகுமுன்னரே கைவசம் இருந்த பாடமேயாகும்.

ஸ்கொத்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1740இல் வெளியிட்ட நூற்பாகமொன்றில் இவ்வழுவின் தருக்க வடிவத்தை எடுத்துக்காட்டினார். ஒழுக்கம் பற்றி எழுதுவோர் 'உள்ளது' பற்றிய கூற்றுகளுடன் தொடங்கி, எவ்வித விளக்கமுமின்றி 'வேண்டும்' என்னும் கூற்றுகளுக்குத் தாவிவிடுகின்றனர் என்பது அவரது அவதானம். 1893இல் ஒக்ஸ்போட்டில் உரையாற்றிய தோமஸ் ஹக்ஸ்லி, டார்வினின் தீவிர ஆதரவாளராயிருந்தும், இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதில் அன்று, அதனை எதிர்த்து நிற்பதிலேயே அறவளர்ச்சி தங்கியுள்ளது எனக் கூறினார். 1902இல் குரொப்பொற்கின் இதற்கு மாறாக, விலங்குகளின் பரஸ்பர உதவியிலே மனித அறத்தின் வேரைக் கண்டார். ஒரே இயற்கையைக் கூர்ந்து நோக்கிய இருவர் எதிரெதிர் முடிவுகளை அடைந்தமையே ஹியூமின் கூற்றுக்குத் தக்க சான்றாகும்.

அண்மைக்கால ஆய்வொன்று இச்சோதனையை மேலும் கடுமையாக்குகின்றது. எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றின் 267 இனங்களை ஆராய்ந்த ஹியூஸ் முதலியோர், கூட்டுச் சமூக வாழ்க்கை தோன்றிய காலத்துப் பெண்கள் ஒரே ஆணுடன் கூடியவையாகவே இருந்தன என்றும், பல்துணைக் கலவி பின்னரே கூர்ப்படைந்தது என்றும் 2008இல் அறிவித்தனர். இதனைக் கேள்வியுறும் ஒழுக்கவாதி, சமூகத்தின் அத்திவாரம் கற்பே என மகிழக்கூடும். ஆனால் இவ்வாய்வு கூறுவது வேறு. உடன்பிறந்தாரிடையே பரம்பரையலகு ஒற்றுமை மிகுந்திருந்தமையால், தாம் பெறாது பிறர் பெற்றவற்றை வளர்த்தல் அவற்றுக்கு இழப்பாக அமையவில்லை என்பதே அதன் பொருள். அங்கு வாக்குறுதியுமில்லை, அதைக் காத்தலுமில்லை.

சொற்களும் இவ்விடத்துக் கவனிக்கத்தக்கவை. பலமுறை கூடும் பூச்சியை ஒழுக்கங்கெட்டது என்றும், ஒருமுறை கூடுவதைக் கற்புடையது என்றும் எழுதும் வழக்கம் ஆய்வேடுகளிலும் புகுந்துள்ளது. மனிதரின் அறச்சொல்லைப் பூச்சிக்குச் சூட்டி, பின்னர் அப்பூச்சியை மனிதருக்குச் சான்றாகக் கொணர்தல் தானே வைத்த பொருளைத் தானே கண்டெடுப்பதை ஒக்கும். இதன் விளைவு வெறும் சொற்குழப்பத்துடன் நின்றுவிடுவதில்லை. தேளீக்களின் கலவியை ஆராய்ந்த தோண்ஹில், பாமர் என்பாருடன் இணைந்து 2000இல் வெளியிட்ட நூலிலே, மனிதரிடையே நிகழும் பாலியல் வன்முறைக்குக் கூர்ப்பு வழி விளக்கம் தர முற்பட்டார். இயற்கையானது எதுவும் அதனால் நல்லதாகிவிடாது என நூலாசிரியர்களே கூறியிருந்தும், பெரும் கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஏனெனில் 'இயல்பு' என்னும் சொல் நூலகத்திலே விளக்கமாகப் பிறந்தாலும், வழக்குமன்றத்திலும் வீட்டு முற்றத்திலும் மன்னிப்பாகவே பயன்படுத்தப்படுகின்றது.

உண்மையில் இந்த வினாவின் பாரம் இங்கேதான் உள்ளது. ஆண் இயல்பாகவே அலைபவன், பெண் இயல்பாகவே அடங்குபவள் என்னும் கூற்று இருவருக்கும் ஒரே வகையிற் பயன்படுவதில்லை. ஒரே தவறைச் செய்த இருவருள் ஒருவனின் பிழை இளமையின் குறும்பாக மறக்கப்படுகின்றது. மற்றவளின் பிழையோ அவளுடைய திருமணத்தையும், அவள் தங்கையரின் திருமணத்தையும் தடுக்கும் பழியாகின்றது. இவ்வேறுபாட்டுக்கு நியாயம் கேட்கப்படும்போது தரப்படும் இறுதி விடை இயற்கை என்பதே. சட்டத்துடன் வாதாடலாம், வழக்கத்துடன் வாதாடலாம், இயற்கையுடன் வாதாட எவருக்கும் இயலாது. ஆதலாற்றான் அதிகாரம் இயற்கையின் பின்னால் மறைந்து நிற்க விரும்புகின்றது.

5. ஓர் எதிர்வாதம்

இங்கு ஓர் எதிர்வாதம் எழக்கூடும். இயற்கையிலிருந்து அறத்தைப் பெறமுடியாதெனின், பெண்பூச்சி அடங்கியது என்ற பழைய கருத்துத் தகர்ந்தமையால் மட்டும் மனிதப் பெண்ணுக்கு யாது பயன்? ஒரு கதவு ஆணுக்கு அடைக்கப்பட்டால் பெண்ணுக்கும் அடைக்கப்பட்டதே அல்லவா?

இவ்வாதம் வலுவுடையதே. இராணித் தேனீயின் பன்னிரண்டு கலவிகள் எந்தப் பெண்ணின் எந்தச் செயலையும் நியாயப்படுத்துவதில்லை. ஆயினும் ஒரு கருத்துக்கு ஆதாரம் தருதலும், பொய்யாதாரத்தை அகற்றுதலும் வெவ்வேறானவை. பெண் அடங்கியிருத்தல் வேண்டும் என்னும் கட்டளை, அவள் இயல்பாகவே அத்தகையவள் என்னும் தூணின்மேல் நிறுத்தப்பட்டிருப்பின், அத்தூண் பொய்யானது என்று காட்டும் கடமை அறிவுக்கு உண்டு. அதன் பின்னரும் அக்கட்டளையைப் பேண விரும்புவோர் வேறு நியாயம் கூறுதல் வேண்டும். அவ்வாறு கூறமுற்படும்போது அது ஆணையும் பெண்ணையும் ஒருங்கே கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்கு விடையிறுக்க நேரும்.

நம்பிக்கை வழுவாமை என்னும் அறத்துக்கு அத்தகைய நியாயம் உண்டு. ஒருவருக்கொருவர் வாக்களிக்கும் ஆற்றலுடையோர், அவ்வாக்கை மீறவும் ஆற்றலுடையோராயிருந்து, மீறாது நிற்கும்போதே அவ்வறம் தோன்றுகின்றது. கறையானின் இணைபிரியாமையில் அறம் இல்லை. பிரிய வேண்டும் என்ற எண்ணமோ பிரியலாகாது என்ற உறுதியோ அதற்கில்லை. தேனீயின் பல்துணைக் கலவியில் மறமும் இல்லை. அது எவரையும் ஏமாற்றவில்லை. வள்ளுவர் பிறனில் விழையாமை என ஓர் அதிகாரம் வகுத்து ஆணின் அடக்கத்தைப் பேசியபோது, அங்கு விலங்கையோ பறவையையோ சான்றுக்கு அழைக்கவில்லை. பழியையும் அறத்தையும் பற்றியே பேசினார். கற்பு இருபாலாருக்கும் பொதுவாதல் வேண்டும் எனப் பாரதியார் வற்புறுத்தியபோதும், அவர் நாடியது நீதியின் துணையையே.

தொகுத்து நோக்குமிடத்து, பெண்பூச்சிகள் பல ஆண்களுடன் கூடுவதற்கு ஊட்டம், கருவளம், பரம்பரை வேறுபாடு, நோய்த்தடுப்பு, எதிர்ப்பின் இழப்பு எனப் பல காரணங்கள் உள. அவற்றுள் எதுவும் மனிதருக்குக் கட்டளையாகாது. எதுவும் மனிதருக்கு மன்னிப்புமாகாது. பூச்சியைப் பூச்சியாகவே காண்பது விஞ்ஞானத்துக்கு நேர்மை. மனிதரின் பொறுப்பை மனிதரிடமே விட்டுவைப்பது அறத்துக்கு நேர்மை. குறுந்தொகைத் தலைவனின் நிபந்தனை இவ்விரண்டுக்கும் பொருந்துவதாகும். தும்பி தான் கண்டதைச் சொல்லட்டும். அதனைக் கேட்டபின் யாது செய்தல் வேண்டும் என்பதற்கு விடை கூற வேண்டியவர் கேட்டவரே.